கோயில் இல்லாத ஊரில் ஆறு மாதம்

ஆனித் திருமஞ்சனத்தன்று ஆவுடையார்கோயில் பிரகாரத்தில் ஒரு மூதாட்டி என்னை வழிமறித்துக் கேட்ட கேள்வியே இவ்வாரம் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

"வாத்தியாரையா, நீங்களும் வீட்டம்மாவும் மகன்கிட்ட ஆக்ஸ்ஃபோர்டுல இருந்துட்டு வந்தவங்கதானே? எம் மகளும் அங்கதான் இருக்கா. தை மாசம் பேறுகாலம். மார்கழியிலயே வந்துடு, ஆறு மாசம் இருன்னு கூப்பிடுறா. அந்த ஊருல கோயிலே கிடையாதாமே. நான் எப்படி இருப்பேன்?"

அவ்வம்மையாரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். கணவரை இழந்த நாள்முதல், ஆத்மநாதரைத் தொழாமல் அவர் பகலுணவு கொண்டதில்லை. மகளுக்கோ வேறு துணை கிடையாது. போனால் நியமம் தவறும். போகாவிட்டால் முதல் பேற்றின்போது பெண் தனித்துவிடப்படுவாள். மார்கழித் திருவாதிரையையும் விட்டுச் செல்ல வேண்டும். நின்ற இடத்தில் இரண்டு சொல்லில் விடை கூற எனக்கு இயலவில்லை. "எழுதுகிறேன் அம்மா" என்று மட்டும் சொல்லி வந்தேன். அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி என்று நம் மாவட்டத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பயணப்பெட்டியும் பஞ்சாங்கமுமாகத் தயங்கி நிற்கும் பெற்றோரைக் காண்கிறோம். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் அவ்வூரில் இருமுறை தங்கினோம். ஒருமுறை கோடையில், மறுமுறை பனிக்காலத்தில். இறங்கிய மறுநாளே, "பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது, காட்டு" என்று மகனைக் கேட்டேன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைக் காண்பதுபோல் ஒரு வாயில், ஒரு வளாகம் என்று எண்ணியிருந்தேன். அவன் நகரம் முழுவதையும் சுட்டிக்காட்டினான். நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊரெங்கும் பரவியிருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குத் தனி மதில், தனி வாயில், தனி உணவுக்கூடம், தனி நூலகம், தனி வழிபாட்டிடம், தனிச் சொத்து. நம் ஆதீனங்களை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். மடங்கள் தனித்தனி, சமயம் ஒன்று. அதுபோலக் கல்லூரிகள் தனித்தனி. தேர்வு நடத்திப் பட்டம் தருவது பொதுவான பல்கலைக்கழகம். 1096-ஆம் ஆண்டிலேயே அவ்வூரில் பாடம் நடந்ததற்குச் சான்று உண்டு என்பர். பேலியல் என்னும் கல்லூரி 1263-இல் தோன்றியது. அப்பெயரை நினைவில் வையுங்கள். பிறகு அங்கே திரும்பி வருவோம்.

நடந்து செல்பவர்களுக்கு ஏற்ற ஊர் அது. ஆயினும் வயதானவர்கள் மூன்று இடங்களில் கவனமாக இருத்தல் வேண்டும். பழைய வீதிகள் சிலவற்றில் உருண்டைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். ராட்கிளிஃப் சதுக்கத்தில் மழை பெய்தபின் கால் வழுக்கும். இங்கே அணியும் ரப்பர் செருப்பு அங்கே உதவாது. இரண்டாவது, மிதிவண்டிகள். ஓசையின்றிப் பின்னால் வந்துவிடும். அவற்றுக்கென்று கோடிட்ட பாதையில் நாம் நடத்தலாகாது. மூன்றாவது, பனிக்காலத்து இருட்டு. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் நியமங்கள் யாவும் கதிரவனைப் பற்றியவை.

மார்கழியில் அவ்வூரில் காலை எட்டு மணிக்குமேல்தான் சூரியன் உதிக்கும்; பிற்பகல் நான்கு மணியளவில் மறைந்துவிடும். ஜூன் மாதத்திலோ காலை நாலே முக்காலுக்கு உதயம், இரவு ஒன்பதரை மணியளவில் அத்தமனம். பிரதோஷ வேளை என்பது சூரியன் மறைவதை ஒட்டியது அல்லவா? இங்கே மாலை நாலரை முதல் ஆறு என்று பழகியவர்கள், அங்கே மார்கழியில் பிற்பகல் இரண்டரைக்கே விளக்கேற்ற வேண்டும். ஆனியில் இரவு எட்டு மணியளவில்தான் அவ்வேளை வரும். இராகுகாலமும் அப்படியே. பகற்பொழுதை எட்டாகப் பகுத்தால் இங்கே ஒரு பங்கு ஒன்றரை மணி. அங்கே மார்கழியில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வரும். ஆனியில் இரண்டு மணியைத் தாண்டும். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று இங்கே மனப்பாடமாகச் சொல்வதை, மார்கழியில் அங்கே ஏறக்குறைய ஒன்பது ஐந்து முதல் பத்து ஐந்து என்று கொள்ள வேண்டும்.

திதி, நட்சத்திரங்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. பனிக்காலத்தில் அங்குள்ள கடிகாரம் நம்மைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறுவரை நாலரை மணி. நம் பஞ்சாங்கத்தில் அமாவாசை விடியற்காலை மூன்று மணிக்கு முடிகிறது என்றால், பனிக்காலத்தில் அங்கே முந்தைய இரவு ஒன்பதரைக்கே முடிந்துவிடும். ஆகவே தருப்பணம், ஏகாதசி உபவாசம் ஆகியவற்றின் நாள் சில மாதங்களில் இங்கும் அங்கும் வேறுபடும். என் மனைவி ஒருமுறை ஊருக்குத் தொலைபேசியில் கேட்டு ஏகாதசி இருந்தாள். பின்னர்க் கணக்கிட்டபோது அங்கே அன்று துவாதசி என்று தெரிந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவன் நான்தானே! புறப்படுமுன் ஆறு மாதத்துக்கு உரிய நாள்களைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நலம்.

நேரத்தைப் பற்றிய பேச்சில் ஒன்று. கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் கோபுரத்தில் 'கிரேட் டாம்' என்னும் பெருமணி தொங்குகிறது. ஒவ்வொரு நாள் இரவும் 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை அடிக்கும். ஒன்பது மணிக்கு அடிக்காமல் ஏன் ஐந்து நிமிடம் தாமதம் என்று வியந்தேன். ஆக்ஸ்ஃபோர்டு கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதால், அவ்வூரின் உண்மையான உள்ளூர் நேரம் ஐந்து நிமிடம் பின்தங்கியது; இருப்பூர்திகள் வந்து நாடு முழுதும் ஒரே நேரம் என்றான பின்னும், மணி மட்டும் பழைய உள்ளூர்க் கணக்கை விடவில்லை. சாதகம் கணிக்க இந்திய நேரத்திலிருந்து கால் மணியளவு கழித்துப் புதுக்கோட்டைக்குரிய உள்ளூர் நேரம் காணும் நம் சோதிடர்களுக்கு இது புதுமையாய்த் தோன்றாது. ஆலய மணி கேளாத ஊரில் அந்த நூற்றோரு முழக்கத்தைக் கேட்டபின்பே என் மனைவி உறங்கச் செல்வாள்.

இனி விளக்கு. அம்மையார் அஞ்சுவதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

வாடகை வீடுகளில் பெரும்பாலும் ஒப்பந்தத்திலேயே தீச்சுடர் கூடாது என்று எழுதியிருப்பார்கள். கூரையில் புகையை உணரும் கருவி பொருத்தியிருக்கும். நாங்கள் சென்ற முதல் வெள்ளிக்கிழமை, இதை அறியாமல் என் மனைவி கற்பூரம் ஏற்றினாள். வீடே அலறியது. அந்தக் கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள். எல்லாரும் குளிரில் வெளியே வந்து நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் இரவு உடையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் கடிந்து பேசவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய தண்டனையாயிற்று. மருமகள் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அன்று முதல் கற்பூரம் இல்லை. மின்விளக்கு ஒன்றைப் படத்தின்முன் வைத்தோம். "இது விளக்கா?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டேயிருந்தாள். நாலு மணிக்கு இருண்டுவிடும் அந்த மாதங்களில், சன்னல் அருகே அமர்ந்து அவள் கண்ணீர் விட்டதை நான் மறைப்பதற்கில்லை. ஊர் திரும்பிவிடலாம் என்று பயணச்சீட்டு விலையைக்கூட விசாரித்தேன்.

தீர்வு ஒரு சோற்றுப் பானையிலிருந்து வந்தது.

திருப்பெருந்துறையின் வழிபாடு மற்றத் தலங்களைப் போன்றதன்று என்பதை இம்மாவட்டத்து அன்பர்கள் அறிவர். அங்கே கொடிமரம் இல்லை; நந்தி இல்லை; பலிபீடம் இல்லை. கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி கிடையாது. யோகாம்பிகை சந்நிதியிலும் திருவுருவம் இல்லை. பலகணியின் வழியே பீடத்தைத்தான் தரிசிக்கிறோம். தீபாராதனைத் தட்டு வெளியே வருவதில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ள யாருக்கும் கிட்டுவதில்லை. நிவேதனம் எது? புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடப் படைகல்லின்மீது பரப்புகிறார்கள். கீரையும் பாகற்காயும் உடன் வைக்கப்படும். மேலெழும் ஆவிதான் ஆத்மநாதருக்கு அமுது.

மார்கழியில் ஒரு காலை. வெளியே உறைபனி. என் மனைவி சோற்றை வடித்து மூடியைத் திறந்தாள். அந்தக் குளிரில் ஆவி எவ்வளவு அடர்ந்து எழும் என்பதை இங்கிருந்து கற்பனை செய்ய இயலாது. சமையலறைச் சன்னல் கண்ணாடி முழுதும் வெண்மையாய்ப் படர்ந்தது. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றாள். நான் ஏதோ கேட்க வாய் திறந்தேன், கையமர்த்தினாள். ஆவி அடங்கியபின், "இதைத்தானே அங்கேயும் வைக்கிறாங்க" என்றாள். அன்று முதல் ஊர் திரும்பும்வரை நாள் தவறாமல் அதுவே எங்கள் வீட்டு நிவேதனம். கூரைக் கருவி அலறவில்லை. சமையலறையில் இருப்பது வெப்பத்தை உணர்வதாம், ஆவிக்கு அது வாய் திறப்பதில்லை.

பூவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிர்மாலியத்தை ஆற்றில் விடலாம் என்று கொண்டு போகாதீர்கள். தேம்சு நதிக்கு அவ்வூரில் ஐசிஸ் என்று பெயர். அதில் எதையும் எறிதல் குற்றம். வீட்டுத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிடலாம்.

இப்போது பேலியல் கல்லூரிக்கு வருவோம். திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த போப் ஐயரைப் பலரும் அறிவீர்கள். 1820-இல் கனடாவில் பிறந்து, 1839-இல் தமிழகம் வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் பணியாற்றியவர். முதுமையில் இங்கிலாந்து திரும்பி, 1884 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். பேலியலில் சமய குருவாகவும் இருந்தார். அக்கல்லூரித் தலைவர் ஜோவெட் என்பாரோடு ஒருநாள் உலவும்போது, திருவாசகத்தை மொழிபெயர்க்க ஆவல் உண்டு, இவ்வயதில் தொடங்கினால் முடிக்க ஆயுள் போதுமோ என்று ஐயுற்றாராம். பெரும்பணி ஒன்றைக் கையில் கொண்டிருப்பதே நெடிது வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர் என்னும் கருத்துப்பட ஜோவெட் ஊக்கினார். இதைப் போப் ஐயரே தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். ஊக்கியவர் 1893-இல் மறைந்தார். ஐயுற்றவர் பணியை முடித்து, முன்னுரைக்குத் தம் எண்பதாம் பிறந்தநாளாகிய 1900 ஏப்ரல் 24-ஐ நாளிட்டார். தமிழ் மூலமும் சேர்ந்தே அந்நூல் ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகத்தில் அச்சாயிற்று. திருப்பெருந்துறையில் அருளியது என்று தலைப்பிட்ட பதிகங்கள் தமிழ் எழுத்திலேயே அந்தக் குளிர் நாட்டில் அச்சேறின என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர் நம் சமயத்துக்கு மாறியவர் அல்லர். கிறித்தவ குருவாகவே வாழ்ந்து, 1908 பிப்ரவரியில் மறைந்தார். அவருடைய சித்தாந்த விளக்கங்கள் சிலவற்றோடு நான் உடன்படுவதும் இல்லை. ஆயினும் அவர் துயிலும் இடத்தைக் காணாமல் திரும்ப மனம் வரவில்லை. வால்ட்டன் வீதியில், அவர் நூல் அச்சான அச்சகத்திலிருந்து சில நிமிட நடையில், செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜோவெட்டும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 'நான் ஒரு தமிழ் மாணவன்' என்று கல்லறையில் பொறித்திருப்பதாக மேடைதோறும் கேட்டிருக்கிறோம். நானே வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். நேரில் பார்த்தால் அச்சொற்கள் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு நிறுவிய கல் என்றே ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. எனக்கு இது குறைவாகத் தோன்றவில்லை. நம்மவர் கொடுத்த காசு அந்தக் கல்லில் இருக்கிறது.

என் மனைவி அங்கே நின்று ஒரு பதிகம் முழுவதையும் மெல்லிய குரலில் ஓதினாள். பிறகு, இடுகாட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுக வேண்டுமே என்று நினைவூட்டினாள். வீடு திரும்பி அந்தக் குளிரில் இருவரும் தலைமுழுகினோம். மகன் எங்களை விநோதமாகப் பார்த்தான்.

காண வேண்டியவை வேறு பல உண்டு. பிராட் வீதி முனையில் பழைய இந்தியக் கழகக் கட்டடத்தின் உச்சியில் அம்பாரி சுமந்த யானை காற்றுத் திசை காட்டுகிறது. மோனியர் வில்லியம்சு முயன்று எழுப்பிய கட்டடம் அது. ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. நம் தெய்வத் திருமேனிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காண்பது மனத்தை வருத்தும். ஆனாலும் ஒரு நற்செய்தி உண்டு. 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோயிலுக்கு உரியது என்பது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த 1957-ஆம் ஆண்டுப் புகைப்படத்தால் தெரியவந்தது. அதைத் திருப்பித் தர 2024-இல் பல்கலைக்கழக மன்றம் இசைந்தது. மே முதல் நாள் காலை ஆறு மணிக்கு மாக்டலென் கல்லூரிக் கோபுரத்தின் மேலிருந்து சிறுவர்கள் பாடுவார்கள். கீழே பாலத்தில் ஊரே கூடி நிற்கும். திருப்பள்ளியெழுச்சி பாடப்பெற்ற ஊரிலிருந்து சென்ற எங்களுக்கு, விடியலில் எழுந்து போவது சிரமமாக இல்லை.

கோயிலுக்கு என்ன செய்வது? நாங்கள் தங்கியிருந்தபோது நடந்துபோய்த் தொழும் தொலைவில் நம் ஆகம முறையில் அமைந்த ஆலயம் இருக்கவில்லை. மாதம் ஒருமுறை இலண்டன் சென்றோம். பாடிங்டன் நிலையத்துக்கு இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஈலிங் கனகதுர்க்கையம்மன், ஹைகேட் முருகன், விம்பிள்டன் கணபதி ஆலயங்களில் தமிழிலேயே பேசி அர்ச்சனை செய்துகொள்ளலாம். ஈழத்து அன்பர்களின் உழைப்பும் பக்தியும் அங்கே கண்கூடு. காரில் செல்ல வாய்ப்பு உண்டென்றால், பர்மிங்காம் அருகே டிவிடேலில் வேங்கடேசுவரர் ஆலயம் உண்டு.

உடல்நலம் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் விசாவில் சாதாரணமாக ஆறு மாதம் வரைதான் தங்கலாம். அவசரப் பிரிவில் முதல் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் பெருந்தொகை கேட்பார்கள். ஆகையால் பயணக் காப்பீடு இன்றிப் புறப்பட வேண்டா. இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை மருந்துச் சீட்டோடும் மூலப் பெட்டியோடும் கொண்டு செல்லுங்கள். நெய், பால்கோவா முதலிய பாற்பொருள்களை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தராது. பேறுகாலப் பெண்ணுக்கென்று வீட்டு நெய் உருக்கி வைத்திருப்பவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது. அங்கே கடையில் வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம். திருநீற்றைத் தாளில் மடித்துக் கொண்டுபோகாமல், பெயர் அச்சிட்ட பொட்டலமாக வைத்திருந்தால் சோதனையில் விளக்கம் சொல்வது எளிது.

இவை அனைத்தையும் எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புமுன் அம்மையார் வீட்டுக்கே சென்று படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சோற்றுப் பானை பகுதி வந்தபோது மட்டும் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்ச் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"வாத்தியாரையா, அங்க புழுங்கலரிசி கிடைக்குமா?"

"கௌலி ரோடு என்று ஒரு வீதி இருக்கிறது அம்மா. அங்கே நம் நாட்டுச் சாமான் கடைகள் உண்டு. நாங்கள் வாங்கினோம்" என்றேன்.